கறுகறுவென்று ஒரு சாட்சி

"உங்க தலைச்சாயம் பாதுகாப்பானதுன்னு நான் கையெழுத்துப் போட முடியாது சார்" என்றாள் ஆய்வக விஞ்ஞானி.

சாயக் கம்பெனி முதலாளி சிரித்தார். உடல் செல்களை வளர்க்கும் அந்த அறைக்குள் யார் போனாலும் தொப்பி போட்டாக வேண்டும். கறுகறுவென்று படிந்திருந்த முடியை மூடி, காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"மைக்ராஸ்கோப்ல பாருங்க. இது சாயம் படாத தட்டு. பக்கத்து செல் இடிச்சதும் வளர்றதை நிறுத்திட்டு அடக்கமா இருக்கு. இது சாயம் பட்ட தட்டு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மிதிச்சுக்கிட்டு வளருது. சாயத்தைக் கழுவின பிறகும் அடங்கலை. நல்ல செல்லு புற்றுநோய் செல்லா மாறிடுச்சு."

"தட்டுல நடக்கறதெல்லாம் தலையில நடக்குமாம்மா? இத்தனை வருஷமா நான் இதைத்தானே போடறேன்! என் முடியைவிட வேற சாட்சி வேணுமா?"

"ஒருத்தரை வச்சு முடிவு பண்ண முடியாது சார்."

"உங்க இயக்குநர் என் முடியைப் பார்த்துட்டுத்தான் சரின்னார். இருங்க, அவரையே கூட்டிட்டு வரேன்."

கதவருகே தொப்பியை வெடுக்கென்று உருவினார். குப்பைக்கூடையில் வீசிவிட்டு, ஜெயித்த வேகத்தில் விறுவிறுவென்று நடந்தார்.

அவள் கூடையைப் பார்த்தாள். பிறகு அவர் தலையைப் பார்த்தாள். வராந்தாவின் ஒவ்வொரு விளக்கும் அதில் பளபளத்துக்கொண்டே போனது.

"சார், ஒரு நிமிஷம்!"

"இன்னும் என்னம்மா?"

"இயக்குநர்கிட்ட வெறுந்தலையோட போகாதீங்க. உங்க சாட்சி தொப்பிக்குள்ளேயே தங்கிடுச்சு!"