ஒற்றை விசில்

கடலில் கணுக்கால் நனைந்தபோதே கண்டக்டர் கரையைத் திரும்பிப் பார்த்தார்.

அவருக்கு நீச்சல் தெரியாது. வாளித் தண்ணீரைத் தவிர வேறு எந்தத் தண்ணீரோடும் அவர் பழகியதில்லை.

இந்த விஷயம் டிரைவருக்குத் தெரியாது. அதுதான் சிக்கல்.

இருவரும் ஒரே பஸ்ஸில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவர்கள். டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவில், டீ ஆறுகிற நேரத்துக்கு ஒரு கதை வேண்டுமே. வெள்ளம் புரண்ட ஆற்றைக் கண்டக்டர் தனி ஆளாக நீந்திக் கடந்த கதை அப்படித்தான் பிறந்தது. முதலில் கால் மைல் அகலமாக இருந்த ஆறு, இருவரும் ஓய்வு பெறுவதற்குள் ஒரு மைல் ஆகிவிட்டது. போகிற வழியில் ஒரு கன்றுக்குட்டியை வேறு காப்பாற்றியிருந்தார்.

ஓய்வு பெற்ற கையோடு டிரைவர், மனைவி பிறந்த இந்தத் தீவுக்கே குடிவந்துவிட்டார். எட்டு வருடமாகக் கோடை தவறாமல் அழைப்பு. எட்டு வருடமாகக் கண்டக்டருக்கு முதுகுவலி, மூட்டுவலி, மச்சினன் வீட்டு விசேஷம். இந்த வருடம் அவர் மனைவி ஒரு சாக்கையும் காதில் போட்டுக்கொள்ளாமல் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

முதல் இரண்டு நாள் ஒரே கும்மாளம்தான். பழைய டிப்போ மேனேஜரைப் போல டிரைவர் நடந்து காட்டியதில் நான்கு பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது.

மூன்றாம் நாள் காலை, டிரைவர் தோளில் துண்டோடு வந்து நின்றார்.

“என்ன கண்டக்டரே, இறங்குவோமா?”

இப்போது முழங்கால்.

இரண்டு மனைவிகளும் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போனால் மானம் கப்பலேறிவிடும். மேலே போனால் ஆளே போய்விடுவார்.

டிரைவர் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேட்டில் பஸ்ஸை ஏற்றும்போது இருக்கிற அதே நிதானம்.

இடுப்பு.

உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று கண்டக்டர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஓர் அலை வந்து நெஞ்சில் மோதியது. பயத்தில் விரல் இரண்டும் தானாக வாய்க்குப் போயின.

நீளமாக ஒரு விசில்.

பஸ்ஸில் இரண்டு விசில் என்றால் போகலாம், ஒன்று என்றால் நிறுத்து. டிரைவர் நின்ற இடத்தில் நின்றுவிட்டார். வலது கால் தண்ணீருக்கடியில் பிரேக்கைத் தேடி மிதித்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

மெல்லத் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை.

“நல்லவேளை நிறுத்தினய்யா. எனக்கு நீச்சல் சுத்தமா வராது. எட்டு வருஷமா இந்தக் கடல்ல கணுக்காலுக்கு மேல நனைஞ்சதில்ல. ஒரு தடவையாவது இறங்கிப் பார்த்துடணும்னு ஆசை. ஆத்தையே நீந்தினவன் நீ வந்தா, நான் முங்கினாலும் நீ தூக்கிடுவேன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்.”

கண்டக்டருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்துகொண்டு வந்தன. இப்படியுமா ஒரு மனுஷன் நம்புவான்? அவர் மேல் அன்றைக்கு வந்த பிரியம் அந்த இருபத்திரண்டு வருடத்தில் வந்ததில்லை.

எட்டி டிரைவரின் கையைப் பிடித்தார். உடும்புப்பிடி. கரை ஏறும்வரை விடவில்லை.

கண்டக்டர் நண்பனைப் பத்திரமாகக் கூட்டி வருகிறார் என்று கரையிலிருந்த இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.