கள்ளாட்டம்

“கள்ளாட்டம் அக்கா இது! நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டு, நான் கிட்ட வந்தாலே அதே உதை!”

விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்த தம்பி கத்தினான். டிவி திரையில் அவனுடைய சண்டை வீரன் மறுபடியும் மல்லாந்து கிடந்தான்.

“கேமையே மாத்தி வச்சு ஆடினாத்தான்டா கள்ளாட்டம். உதை பட்டனையே அழுத்திக்கிட்டிருந்தா யாரும் கிட்ட வர முடியாதுங்கிறது, கேம் பண்ணினவன் விட்ட ஓட்டை. நான் அதுல புகுந்துக்கிட்டேன். அழுகுணி ஆட்டம் ஆடாதே.”

“முன்னெல்லாம் எத்தனை வித்தை காட்டுவே! இப்ப ஒரே பட்டன். சோம்பேறி ஆயிட்டே.”

அக்கா சிரித்தாள். பக்கத்திலிருந்த டீயைக்கூட அவள் தொடவில்லை.

தன் கோப்பையை வைக்கச் சமையலறைக்குப் போனவன் அங்கேயும் புலம்பினான். “ஜெயிக்கிற வெறி மாமா அவளுக்கு. டீ ஆறிக் கிடக்கு.”

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மாமா குழாயை மூடினார். “அவளால கோப்பையைத் தூக்க முடியாது மாப்ளே. நரம்புல கோளாறு. கையில கட்டைவிரல் ஒண்ணுதான் இன்னும் சொன்ன பேச்சு கேட்குது. அதுவும் எத்தனை நாளைக்கோ. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா.”

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். அடுத்த ஆட்டத்தில் அக்காவின் உதைகள் தளர்ந்தன. ஒரே தாவில் அவன் ஜெயித்திருக்கலாம். தன் வீரனை மெல்ல நடத்திக்கொண்டுபோய் அவள் காலடியில் நிறுத்தினான்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இதுக்குப் பேருதான்டா கள்ளாட்டம்” என்றாள்.