நாலு லெக் பை

“எனக்கு ஒரு நாற்காலி வேணும்.”

கேட்டுவிட்டேன். பெவிலியனில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுத் தலைகள் திரும்பின.

இந்த கிளப்பில் பிட்ச் பார்த்துக்கொள்கிற தனபாலன் என் அப்பா. நான் ஸ்கோர் எழுத வந்த முதல் நாளே சொல்லியிருந்தார். “இன்னா வேணா கேளு. சேர் மட்டும் கேக்காத.”

இரண்டு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமைதோறும், வெளியே அவருடைய கல் ரோலர் மேல் உட்கார்ந்துதான் எழுதினேன். கணக்கில் பட்டம் வாங்கியவள். எங்கள் தெருவிலேயே முதல் ஆள். ரோலருக்கு அதெல்லாம் தெரியாது.

மூன்று மணிக்குப் பிடித்த மழையில் மேட்ச் நின்றுபோயிருந்தது. இனி கிடையாது என்று ஸ்டம்புகளையும் பிடுங்கிவிட்டார்கள். மைதானமும் அதற்கப்பால் அடையாறும் ஒரே நிறமாகியிருந்தன. தூரத்துப் பாலத்தில் பஸ்கள் தண்ணீர் மேல் மிதந்து போயின. தகரக் கூரையில் மழை தட்டிக்கொண்டே இருந்தது.

நான் கூரையின் ஓரத்தில், ஸ்கோர் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்து நின்றிருந்தேன்.

திரும்பிய தலைகள் மறுபடி தங்களுக்குள் திரும்பிக்கொண்டன. பேச்சு விட்ட இடத்துக்கே போய்விட்டது. உலகத்திலேயே பெரிய ஓப்பனர் யார்?

“கிரீனிட்ஜ்தான்யா. நொண்டிக்கிட்டே வந்தான்னா பவுலர் செத்தான்” என்றார் டி. நகர் ஜவுளிக்கடை மாணிக்கவாசகம்.

“போம் ஓய். நம்ம சேப்பாக்கத்துல, மார்ஷல் போட்டுண்டிருக்கான், கவாஸ்கர் இருநூத்தி முப்பத்தாறு. அதுக்கப்புறம் ஒரு ஓப்பனர் பொறக்கணுமா?” இது கிளப் செகரட்டரி ஸ்ரீவத்சன். இன்று தொண்ணூற்றேழு நாட் அவுட்டோடு மூலையில் தலை துவட்டிக்கொண்டிருந்த எங்கள் ஓப்பனர் நிரஞ்சனின் அப்பா.

“அன்னிக்கு அவர் ஓப்பன் பண்ணல சார்” என்றேன். “நாலாவதா வந்தார்.”

“வரும்போது ஸ்கோர் என்ன? ரெண்டு விக்கெட், ரன் பூஜ்யம். அப்ப அவர்தாம்மா ஓப்பனர். புத்தகத்துல நாலுன்னு போட்டா நாலாயிடுமா?” என்றார் மாணிக்கவாசகம்.

எல்லோரும் சிரித்தார்கள்.

“ஆயிடும் சார்.”

ஸ்ரீவத்சன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

“தனபால், உன் பொண்ணுக்கு ஒரு சேர் கொண்டா.”

அப்பா மழைக்குள்ளிருந்து ஓடி வந்தார். ஸ்டீல் மடக்கு நாற்காலியை விரித்தார். துண்டால் துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் விரித்துப் போடுகிற நாற்காலிகள். ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை.

உட்கார்ந்தேன்.

முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று தாங்கியது. அந்த உயரத்திலிருந்து அது வேறு மைதானம். ஆளில்லாத அந்த ஈரத்துக்குள் மத்தியான ஓவர் இன்னும் நடந்துகொண்டிருந்தது. பந்து போட கபாலி ஓடி வருகிறான். பந்து நிரஞ்சனின் கால் பேடில் பட்டு எல்லைக்குப் போகிறது. அம்பயர் ஹபீபுர் ரஹ்மான் ஒரு காலைத் தூக்கி முட்டியைத் தொட்டுக் காட்டுகிறார். லெக் பை. அணிக்கு மட்டும், ஆடுகிறவன் கணக்கில் சேராத நாலு. சத்தமே இல்லாமல், திரும்பத் திரும்ப.

ஸ்ரீவத்சன் தன் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். குரல் பஞ்சு மாதிரி இருந்தது.

“அந்த நாலு லெக் பை. பேட்ல பட்டுதுங்கறான் நிரஞ்சன். அவன் பேர்ல போட்டுடும்மா. டீம் டோட்டல் மாறப்போறதா? யாருக்கு என்ன நஷ்டம்?”

அப்படிப் போட்டால் நூற்றொன்று. இந்த சீசனில் மூன்றாவது செஞ்சுரி. செவ்வாய்க்கிழமை மாநில அணித் தேர்வு.

ஹபீபுர் ரஹ்மான் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

நஷ்டம் கபாலிக்கு. கிண்டி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன், எதிர் அணி பவுலர். லெக் பை பவுலர் தலையில் ஏறாது. மட்டையில் பட்டதென்று மாற்றினால் நாலும் அவன் தலையில். செவ்வாய்க்கிழமைக்கு அவனும்தான் காத்திருக்கிறான்.

“உங்கப்பா இங்க ரொம்ப வருஷமா இருக்கார்” என்றார் ஸ்ரீவத்சன், இன்னும் மெதுவாக.

சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்தார். புது ரப்பர். வரும்போதே வாங்கி வந்திருக்கிறார்.

இந்த கிளப்பில் அப்படித்தான் பழக்கம். ஆட்டம் நடக்கும்போது பென்சில். முடிந்து, செகரட்டரி ஒருமுறை பார்த்த பிறகுதான் பேனா. ஏன் என்று இரண்டு வருஷமாக நான் கேட்டதில்லை.

புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன். எழுந்தேன்.

“நீ உட்காருப்பா” என்றேன், துண்டோடு நின்ற அப்பாவிடம்.

படியிறங்கினேன். மழை பூத்தூறலாகியிருந்தது. பின்னால் பக்கங்கள் புரண்டன. பிறகு நின்றன.

ரப்பரால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் துளி விழுந்து எல்லோரும் கூரைக்கு ஓடியபோது, ரோலர் மேலேயே குனிந்து, எல்லாவற்றையும் நீல மையில் எழுதி முடித்துவிட்டேன். பேட்டிலிருந்து ஒரு ரன்னும் வராத கபாலியின் அந்த ஓவரில், ஆறு பந்தையும் கோட்டால் சேர்த்து மெய்டனுக்கான ‘எம்’ போட்டிருக்கிறேன். கீழே கையெழுத்து. டி. புஷ்பம், பி.எஸ்ஸி.

நாற்காலி கேட்டது அதற்கப்புறம்தான். இனி இங்கே கேட்க வேறு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு.

கேட்டை நோக்கி நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

ஸ்டீல் நாற்காலி மட்டும், ஒரு ஆள் கனத்துக்கு, ஒருமுறை கிறீச்சிட்டது.