எந்த பஸ் ஓடணும்?

யுத்தத்தினால் பெட்ரோலுக்கு ரேஷன் வந்த வருஷம். ராசிபுரத்தில் இரண்டு பஸ்கள் நடத்திவந்த அங்கமுத்துவுக்கு, ஒரு பஸ்ஸுக்குத்தான் பெட்ரோல் கிடைத்தது.

"சேலம் பஸ்ஸை நிறுத்திருங்க. மலையடிவாரத்து பஸ் ஓடட்டும்" என்றார்.

புது மேனேஜர் தண்டாயுதபாணி பதறினார். "ஏனுங்க, சேலம் பஸ்லதானுங்க நிக்கக்கூட எடமிருக்காது. அடிவாரத்துக்குக் காலியாத்தானுங்களே போகுது?"

"காலையில நீங்களே அதுல போய்ப் பாருங்க."

அங்கமுத்து வாத்தியார் வேலையை உதறிவிட்டுப் பணம் பண்ண வந்தவர் என்று ஊரில் பேச்சு. இவருக்கு வியாபாரமே தெரியவில்லையே என்று நினைத்தபடி மறுநாள் தண்டாயுதபாணி கிளம்பினார்.

அடிவாரத்தில் பஸ் நின்றதும் பெண்பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறினார்கள். கண்டக்டர் யாரிடமும் டிக்கெட் கேட்கவில்லை.

மகளை ஏற்றிவிட வந்த சாலம்மாளிடம் தண்டாயுதபாணி ஜன்னல் வழியாக விசாரித்தார்.

"ராசிபுரம் பள்ளிக்கூடத்துக்குப் போறாங்க சாமி. நானும் வாத்தியார்கிட்ட அஞ்சாவது படிச்சுட்டு, அத்தன தூரம் நடக்க முடியாம படிப்பை நிறுத்தினவதானுங்க. அதைப் பொறுக்காமத்தான் அவரு வேலைய உட்டுட்டு, வெள்ளாமைக் காட்டை வித்து இந்த பஸ்ஸை வாங்குனாரு."

"அப்ப சேலம் பஸ்ஸு?"

"இதுக்குப் பெட்ரோல் போடோணுமில்லீங்க? அதுக்காகப் பொறவு வாங்குனது."

"அதுதான் நின்னுபோச்சேம்மா. இனி இது எப்படி ஓடும்?"

"அதை வித்தாவது இதை ஓட்டறேன்னு நேத்துச் சாயங்காலம் வந்து சொல்லிட்டுப் போனாருங்க."

சாலம்மாளின் மகள் உட்கார இடமில்லாமல் நின்றாள். தண்டாயுதபாணி எழுந்து தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, ராசிபுரம் வரை நின்றுகொண்டே வந்தார்.