ஜவ்வுவின் கறுப்புக் காது

போட்டோ அனுப்பினால் போதும், அதே நிறத்தில் அதே திட்டுகளோடு முயல்குட்டி பிறக்கும் எங்கள் பண்ணையில். நான் தனியாகச் செய்த முதல் ஆர்டர், வத்தலக்குண்டு சாதிக் அண்ணனுடையது. அவர் மகள் நிலோஃபரின் முயல் ஜவ்வு செத்துப்போயிருந்தது. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் கறுப்பு. அதைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் எடுத்த செல்ஃபியைப் பார்த்துத்தான் குட்டியை உருவாக்கினேன். நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கூடையைத் திறந்ததும் நிலோஃபர் சிரித்தாள். உடனே முகம் வாடிப்போனது.

"இது ஜவ்வு இல்ல. அதுக்கு இந்தப் பக்கக் காதுதான் கறுப்பு."

செல்ஃபியை மறுபடி பார்த்தேன். அவள் சட்டையிலிருந்த எழுத்தெல்லாம் இடவலம் மாறிக் கிடந்தது. நான் மறுபக்கக் காதைக் கறுப்பாக்கியிருந்தேன்.

"வேற பண்ணித் தர்றேன்ணே. இத நான் எடுத்துட்டுப் போயிடுறேன்."

"எடுத்துட்டுப் போய் என்னக்கா பண்ணுவீங்க?" என்றாள் நிலோஃபர்.

திரும்பி வந்த முயலைப் பண்ணையில் உயிரோடு வைத்திருக்க மாட்டார்கள். அதை எப்படிச் சொல்வது? கூடையை மூடக் கையை நீட்டினேன்.

அவள் குட்டியை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். போய் பீரோ கண்ணாடி முன்னால் நின்றாள். கண்ணாடிக்குள் சரியான காதுதான் கறுப்பாக இருந்தது.

"அத்தா, ஜவ்வு உள்ள இருக்கு. இது அதோட தம்பி. இதுக்கு வேற பேரு வைக்கணும்."

சாதிக் அண்ணன் காலிக் கூடையை என்னிடம் நீட்டினார்.

"ஒண்ணு கேட்டா ரெண்டு குடுத்துட்டியேம்மா."