மூன்றாவது அணு

அவள் கைகள் நடுங்குகின்றனவா என்றுதான் பெயின்டர் முதலில் பார்த்தார். நடுங்கவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

விசாரணைக் குழுவுக்கு எதிரே, தனியாகப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவருடைய மனைவியின் தங்கை.

பெயின்டர் சுவருக்கு வண்ணம் அடிப்பவர் அல்ல. உலகத்திலேயே ஒரு சிட்டிகைதான் இருக்கிறது என்னும்படியான ஒரு கனத்த தனிமத்தை மெல்லிய தகடுகளில் பூசி, சக்கரத்தில் மாட்டுவது அவர் வேலை. அதற்காக ஆய்வுக்கூடத்தில் வைத்த செல்லப்பெயர் அது. செல்லமாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவர் ஒரு நாளும் நம்பியதில்லை.

சக்கரம் சுற்றும். அதன்மேல் இலேசான அணுக்களை மாதக்கணக்கில் அடைமழையாகப் பொழிவார்கள். கோடானுகோடியில் ஒன்று மோதி ஒட்டிக்கொண்டால், இதுவரை இல்லாத ஒரு தனிமம் பிறக்கும்.

பிறந்த கையோடு செத்தும் போகும். பிறந்ததை யாரும் பார்த்தது கிடையாது. சாகும்போது கருவியில் விழும் தடயத்தை வைத்துத்தான் பிறந்தது என்கிறார்கள்.

அப்படி இதுவரை விழுந்த தடயங்கள் இரண்டு. இரண்டுமே அவள் கருவியின் முன் தனியாக இருந்தபோது விழுந்தவை.

மற்றவர்கள் எல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டு திரும்பும்போது, இவள் ஒருத்திக்கு மட்டும் எப்படிக் கிடைக்கும்? இதை முதலில் கேட்டவர் பெயின்டர்தான். மாடிப்படியில், போகிற போக்கில், குழுத் தலைவரின் காதில்.

"எங்க வீட்டுப் பொண்ணு சார். நான் சொன்னதா இருக்க வேணாம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் மாமியார் அந்தத் தனிமத்துக்குப் பெயரே வைத்துவிட்டாள். சின்ன மகளின் கெட்டிக்காரத்தனத்தைத் தெருவெல்லாம் சொல்லியாயிற்று. தகட்டைப் பூசிக் கொடுத்த மூத்த மருமகனைப் பற்றி மூச்சு விடவில்லை. அவருக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பானேன், பொறாமைதான்.

தலைவர் ஒரு முடிவு சொன்னார். அதே சோதனை இன்னும் ஓர் ஓட்டம். கருவியின் முன் அவளே இருக்கட்டும். மூன்றாவது அணு கிடைத்தால் உலகத்துக்கு அறிவிப்போம். கிடைக்காவிட்டால் முதல் இரண்டையும் வாபஸ் வாங்கிக்கொண்டு அவள் வேலையை விட்டுப் போய்விட வேண்டியது.

ஓட்டம் முடிந்துவிட்டது. மூன்றாவது அணு கிடைக்கவில்லை.

"சந்தேகப்படுறாங்கன்னு தெரிஞ்சதும் பயந்துட்டா" என்று பக்கத்திலிருந்தவர் முணுமுணுத்தார். பெயின்டர் சட்டைப்பையில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவள் தலையை நிமிர்த்தினாள். "சார், இந்தத் தடவை கருவியில வழக்கமா விழற சில்லறைத் தடயங்கள், அந்த இரைச்சல் கூட குறைச்சலா இருந்துச்சு. சக்கரத்துலயே ஏதோ கோளாறுன்னு தோணுது."

யாரோ சிரித்தார். ஆடத் தெரியாதவள் கதை என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். தலைவர் பெயின்டரின் பக்கம் திரும்பி, சக்கரத்தை மாட்டியது நீங்கள்தானே என்று கேட்டார்.

"ஒரு குறையும் இல்ல சார். நானே பார்த்துப் பார்த்து மாட்டினது."

இப்போது அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகத்தைத் தேடினார். துளியும் இல்லை. அந்த அறையில் யாரையும் சந்தேகப்படாமல் இருந்தது அவள் ஒருத்திதான்.

"மாமா மாட்டினா சரியாத்தான் இருக்கும் சார். அப்ப நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்."

அலுவலகத்தில் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். இன்று வாய் தவறி வந்துவிட்டது.

வாபஸ் கடிதத்தை அவள் முன் நகர்த்தினார்கள். அவளிடம் பேனா இல்லை. பெயின்டர் தன்னுடையதைக் கொடுத்தார்.

அவள் கையெழுத்துப் போடும்போது அவர் முன்னால் சாய்ந்தார். வாயைத் திறந்தார். சொந்தக்காரர் பேசுவது முறையல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடிக்கொண்டார்.

சாவி அவருடைய அலமாரிக்கு உரியது. அதற்குள் ஓர் ஈயப் பெட்டி. பூசிய தகடுகள் அத்தனையும், கதிரியக்கத்தால் நாளுக்கு நாள் தாமாகவே தேய்ந்தபடி, அதற்குள்தான் இருந்தன.

இந்த ஓட்டம் முழுவதும் சுற்றியது பூச்சே இல்லாத வெறும் தகடு. அதில் எந்த அணுவும் பிறக்க வழியில்லை. கிடைத்துவிட்டது என்று அவள் வந்து நின்றால் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக அவர் வைத்த பொறி அது.

அவள் வந்து நிற்கவே இல்லை. தினமும் உதட்டைப் பிதுக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வேலை தப்ப அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் அணு. பொய்க்காரியாக இருந்திருந்தால் கிடைத்திருக்கும்.