மூணு பிடி மண்ணு

கொளஞ்சிக்கு முழங்கையிலிருந்து விரல்நுனி வரை விண்விண்ணென்று தெறித்தது. காலையில் மாட்டிய கம்பிக் கையுறையை இன்னும் கழற்றவில்லை. முகாமில் உட்கார்ந்து அவள் விரலை மடக்கினால், நாற்பது மைலுக்கு அப்பால், ஆளொழிந்த சுரங்க ஊரில் இயந்திரம் தன் முதுகுத் தொட்டியிலிருந்து மண்ணை அள்ளிப் புகை கக்கும் வெடிப்பில் போடும். அங்கே தரைக்கடியில் பதினோரு வருடமாக நிலக்கரி எரிகிறது. வீடு பூமிக்குள் இறங்கியபோது அவள் புருஷன் அய்யாக்கண்ணுவும் அதோடு போனான். பிணத்தை யாரும் எடுக்கவில்லை.

"நாளையிலேர்ந்து அந்த ஊருக்கு மிஷின் கெடையாதாம் யக்கா," என்றான் மேஸ்திரி இருசப்பன்.

"அப்ப இன்னிக்கே எங்க தெருவுக்கு ஓட்டுறேன் தம்பி. அந்த மனுசனுக்கு மூணு பிடி மண்ணு போடணும்."

"அங்க தரை சூளையா கொதிக்குது. பொம்பள மண்ணு போடுற வழக்கமும் இல்லியே."

"போடுறதுக்கு ஆம்பளைங்க எவன் நின்னீங்க?"

இருசப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் ஓட்டினாள். எதிரே இருந்த திரையில் கருகிய வேப்பமரம் வந்தது, அதையடுத்து வீடு போன பள்ளம். முதல் பிடி விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது பிடிக்குத் தொட்டிக்குள் கையை விடும்போது இயந்திரத்தின் கால்கள் தரைச் சூட்டில் இளகி மடங்கின. திரை வெளுத்தது.

"கையுறையக் கழட்டுங்க யக்கா. மிஷின் போச்சு."

கொளஞ்சி கழற்றவில்லை. விரல்களை மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள். அங்கே எதுவும் அசையவில்லை.

அய்யாக்கண்ணுவுக்கு இன்னும் ஒரு பிடி மண் பாக்கி.